பருந்துக்குப் போட்ட கறி

என் வயதுக்காரர்களே, உங்களுக்கு எப்படியோ, ஜெட் விமானச் சத்தம் கேட்டால் எனக்குக் கையில் இருக்கிற வேலை ஓடாது. அடுப்பை அணைத்துவிடுவேன். சத்தம் தலைக்கு மேல் வந்து, தாண்டி, தேய்ந்து, இல்லாமல் போகும்வரை நின்றுகொண்டிருப்பேன். உட்காரச் சொன்னால் கோபம் வரும். "எதுக்குமா இப்படி வெறச்சு நிக்கிறே, அது பாட்டுக்குப் போவுது" என்பாள் மகள். அது பாட்டுக்குப் போகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் நிற்கிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

பெங்களூரில் பழைய ஏரோட்ரோம் வேலியோரம் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போன மாதம் ஒரு கறிக்கடை மூடியிருந்தது. அதன் வாசலில் நின்றபோது, பத்து வயதில் நான் கண்ணால் பார்த்த ஒரு காரியம் தலைகீழாகப் புரண்டுவிட்டது. கடைக்குப் பிறகு வருகிறேன். முதலில் வேலிக்குப் போகலாம்.

அப்பா விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஜீவனஹள்ளியில் சொந்தபந்தத்தோடு இருந்த எங்களை, ஷிப்டுக்குப் பக்கம் என்று கூட்டி வந்து, ஓடுபாதையின் கிழக்கு முனையை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் வைத்தார். ஓட்டு வீடு. ஜெட் கிளம்பினால் ஓடுகள் கடகடக்கும், அலமாரியில் தம்ளர்கள் நடந்து நடந்து விளிம்புக்கு வந்துவிடும். அம்மா ராத்திரி அவற்றைத் திரும்ப உள்ளே தள்ளி வைப்பாள். வீட்டில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசனை. எங்கள் ஸ்டவ்வினுடையது பாதி, விமானங்களுடையது பாதி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணெய்தான் என்று அப்பா சொன்னதை நாங்கள் யாரும் நம்பவில்லை.

மாமாவும் எங்களோடுதான் இருந்தார். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. அவர் தவழ்கிற வயதில் அவர்களுடைய அம்மா போய்விட்டதால், இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். அவருக்குச் சோறு ஊட்டிய கையால்தான் எனக்கும் ஊட்டினாள், ஆனால் எனக்கு ஊட்டும்போது அவ்வளவு பொறுமை இல்லை. டிப்ளமோ முடித்து அதே தொழிற்சாலையில் சேர்ந்த மாமாவுக்கு ஒரு விசித்திரமான வேலை கிடைத்தது. புதிதாகக் கட்டிய ஜெட்டைச் சோதனைக்கு எடுத்துப் போகும்போது பைலட்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எந்த முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வரவேண்டும். பறக்கிற நாளில் விசில் அடித்துக்கொண்டே குளிப்பார். திரும்பி வரும்போது முகத்தில் ரப்பர் மாஸ்க் பதிந்த கோடு இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு மட்டும் அனுமதி உண்டு.

"மேலேருந்து பாத்தா அல்சூர் ஏரி ஒரு மாங்கா சைசுதான் பாப்பா. பெருமாள் கோயில் கோபுரம்லாம் கண்ணுக்கே தெரியாது."

சோறு தின்னும்போதுகூட அவருடைய இடது கை பறந்துகொண்டே இருக்கும். சாய்ந்து, திரும்பி, ரசச் சொம்பைத் தாண்டி இறங்கும். இப்படி ஒரு மனிதன் சந்தோஷமாக இருந்து நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்தக் கால ஜெட்டுக்கு எஞ்சின் ஒன்றே ஒன்று. நின்றால் நின்றதுதான். அது எங்களுக்குத் தெரியும், ஆனால் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருநாள் மாமா பெருமையடித்துக்கொள்ளப் போய், தானே விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஆபத்து வந்தால் இருக்கைக்கு அடியில் இருக்கிற வெடி வெடித்து ஆளை அப்படியே வெளியே தூக்கி எறியும், பாராசூட் விரியும், பயமே இல்லை என்றார். அம்மா சாதக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெடி மேலயா உக்காந்து போறே?"

"அது காப்பாத்தறதுக்குக்கா."

"எந்த ஊர்ல வெடி காப்பாத்துது? எந்நேரமும் காப்பாத்துமா?"

மாமாவுக்குப் பொய் வராது, அப்போதெல்லாம். "உயரம் வேணும். கெளம்பின உடனே, தாழ இருக்கும்போது எதுனா ஆச்சுன்னா பிரயோஜனம் இல்ல" என்றார். அப்பா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. காலம் கடந்த மிதி.

தீபாவளி முடிந்த கையோடு ஏரோட்ரோமில் சங்கு ஊதியது. எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. சங்கு ஊதினால் பெண்கள் அத்தனை பேரும் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து நிற்பார்கள். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். ஆபீஸ் ஜீப் வரும். எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரி உட்கார்ந்துவிடுவாள், மற்றவர்கள் ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஜீப் நிற்காமல் ஆபீசர் குவார்ட்டர்ஸ் பக்கம் போய்விட்டது. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கறிக்குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போன இளம் பைலட்தான் இறந்தது. கிளம்பிய உடனே எஞ்சின் நின்றுவிட்டதாம். உயரம் போதவில்லையாம்.

அதற்குப் பிறகு அம்மா தூங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பூரிக்கட்டையை எடுப்பாள், வைப்பாள். வாசலுக்குப் போவாள், வருவாள். மாமாவிடம் வேலையை விடச் சொல்லிக் கெஞ்சினாள், திட்டினாள், ஒருவேளைச் சோற்றைக்கூட நிறுத்திப் பார்த்தாள். அவர் கேண்டீனில் தின்றுவிட்டு வந்தார்.

வழி சொன்னது பக்கத்து வீட்டு ஆப்பா. உருது பேசுகிற வீடு, அக்காவை ஆப்பா என்பார்கள், அதனால் லைனில் எல்லோருக்கும் அவர் ஆப்பா. "அழுவாத நீ. எங்க வூட்ல சதக்கான்னு ஒண்ணு பண்ணுவோம். ஆபத்து யாருக்கோ அவங்களச் சுத்திக் கறிய எடுத்துப் பருந்துக்குப் போடு. ஆபத்த அது தூக்கினு பூடும். மொட்ட மாடியிலேருந்து போட்டா போதும்."

போதும் என்று ஆப்பா சொன்னதுதான் அம்மாவுக்குப் போதவில்லை. ஆபத்து மொட்டை மாடியிலா இருக்கிறது? தம்பி தாழப் பறக்கிற இடம் எது, ஜெட் தரையை விட்டு எழும்பித் தலையை உரசிக்கொண்டு போகிற இடம் எது என்று அவளுக்குத் தெரியும். எங்கள் லைனுக்குப் பின்னால், உண்ணிச்செடிப் புதருக்கு அப்பால் இருந்த காம்பவுண்டு மதில். அங்கேதான் போடவேண்டும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். எப்போது போடுவது என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். ஓடுபாதையின் அந்தக் கோடியில் ஜெட் உறுமத் தொடங்கினதும் போட்டால், ஆபத்து வருவதற்கும் பருந்து வருவதற்கும் சரியாக இருக்கும்.

மாமாவுக்குப் பறக்கிற நாள் என்றால் காலையில் கறிக்கடையில் நுரையீரலும் சவ்வும் வாங்கி வருவோம். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தகட்டில் அப்பா தட்டிக் கொடுத்த அலுமினிய டப்பா ஒன்று உண்டு, இறகு கனம்தான் இருக்கும். கறியை அதில் போட்டு, மாமா அவிழ்த்துப் போட்ட சட்டையைச் சுற்றி மூன்று சுற்று சுற்றுவாள். பிறகு நானும் அவளும் மதிலுக்கு. உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அது திருவிழா. துண்டை மேலே வீசினால் தரைக்கு வரவே வராது. வட்டமிட்டுக்கொண்டே இறங்கி, காலால் பறித்து, பறந்தபடியே குனிந்து தின்னும். இறக்கைக் காற்று முகத்தில் அடிக்கும். முதலில் நாலைந்து வந்தன. மார்கழி பிறப்பதற்குள் நாங்கள் போகும் முன்னாலேயே மதில்மேல் வேலிக் கம்பம் ஒவ்வொன்றிலும் ஒன்று காத்திருந்தது. கழுத்து வெளுத்த ஒன்று வந்தால் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "கெருடன்டீ. பெருமாளே வந்துட்டாரு."

அப்பாவுக்குக் கறி வாங்குவது தெரியும், மதில் தெரியாது. "நமக்கு வாரத்துல ஒருநாள், வானத்துக்குத் தெனமும் கறிசோறு" என்று கிண்டலடிப்பார். மொட்டை மாடி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு முந்தின வாரம். பனி விலகி வெயில் அப்போதுதான் ஏறியிருந்தது. அந்தக் கோடியில் உறுமல் எழுந்தது, அம்மா டப்பாவைத் திறந்தாள், அள்ளி வீசினாள். பருந்துகள் கிளம்பின. ஜெட் எங்களை நோக்கி வந்தது. மதிலைத் தாண்டும்போது, ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. ஜெட் ஒன்று சத்தமில்லாமல் தலைக்கு மேல் போகுமா? போனது. காற்று மட்டும் கிழிந்தது. சக்கரத்தில் இருந்த சேறுகூட எனக்குத் தெரிந்தது. அப்படியே தணிந்து, தணிந்து, காய்ந்து கிடந்த ஏரிப் பக்கம் இறங்கிப் புழுதியில் மறைந்தது.

"உள்ள பூந்துருச்சுடீ. பாத்தியா? அந்தப் பருந்து உள்ள பூந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். எங்களுக்குப் பின்னால் சங்கு ஊதியது.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். பைலட்டுக்குக் கை முறிந்தது. மாமாவுக்கு முதுகெலும்பில் அடி, மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. தீ மட்டும் பிடிக்கவில்லை. அன்று மாலை உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும், ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா கைகூப்பிக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாள். "என் தம்பிக்கு வந்தத ஒரு பருந்து வாங்கினு பூட்ச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்." ஆப்பா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பொங்கலன்று ஆஸ்பத்திரியில் ஒரு கன்னட நர்ஸ் எள்ளும் வெல்லமும் பொட்டலம் கட்டி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு போனார். மாமா படுத்தபடியே அதை எனக்குக் கொடுத்தார். கையில் தூளிக்கட்டோடு பைலட் வந்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை மாமா எனக்குத் தமிழில் சொன்னார், முகமெல்லாம் பல். "எலும்பு கூடிரும், மறுபடி ஏறலாம்னு டாக்டரே சொல்லிட்டாராம் பாப்பா. அதுவரைக்கும் என் சீட்ல யாரையும் உக்கார வெக்க மாட்டாராம்." கட்டுக்கு வெளியே இருந்த கை மெதுவாக எழும்பி, கட்டிலைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது.

பைலட் போன பிறகு மாமா அப்பாவிடம் சொன்னார்: "எஞ்சினப் பிரிச்சுப் பாத்தாங்களாம் மாமா, உள்ள பருந்து எறகு. கிழக்கு முனையில மட்டும் ஏன் இவ்ளோ பருந்து சேருதுன்னு தலையப் பிச்சிக்கிறாங்களாம்." குப்பைமேடு ஏதாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு அப்பா பீடி குடிக்க வெளியே போனார். அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள்.

எனக்கு விடை தெரிந்த கேள்வி. வகுப்பில் கை தூக்குகிற மாதிரி சொன்னேன். "அம்மா போடற கறிக்குத்தான் மாமா வருது. இப்போ டபுளா போடறாங்க. நீங்க பொழைச்சதுக்கு வேண்டுதல். தெனமும்."

"எங்க?"

"மதில்கிட்ட."

"எப்போ?"

"பிளேன் உறுமும்போது. கரெக்டா."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "எங்கிட்ட சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத பாப்பா" என்றார்.

அம்மா வெந்நீரோடு வந்தாள். மாமா சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். கறி போடுவதை நிறுத்திவிடச் சொன்னார். அவள் சிரித்தாள். மதில் பக்கம் நின்றால் வாட்ச்மேன் பிடித்துப் போவான் என்றார். பிடிக்கட்டும் என்றாள். போடுவதானால் மொட்டை மாடியிலிருந்து போடேன் என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாடியிலேருந்து போட்டிருந்தா நீ இன்னிக்கு இங்க படுத்திருப்பியா? நீ மேல போற வரைக்கும் நான் கீழ போட்டுனுதான் இருப்பேன். என்னக் கட்டிப் போட்டாலும் நிறுத்த மாட்டேன், சொல்ட்டேன்."

மாமா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஃபேன்கூட இல்லை, வெறும் சுண்ணாம்பு.

"அப்போ நான் மேல போகலக்கா."

"இன்னாடா சொல்றே?"

"இனிமே ஏற மாட்டேன். பயமா இருக்கு."

அம்மா வெந்நீர்ச் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, மாவுக்கட்டின் மேல் தலையை வைத்து அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். மறுநாளிலிருந்து மதிலுக்குப் போகவில்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்காகப் போடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நாள் கம்பங்களில் காத்திருந்த பருந்துகள் ஒவ்வொன்றாக வேறெங்கோ போயின.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை. பைலட் வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் நீளமாக என்னவோ வாதாடினார். மாமா தலையைக் குனிந்துகொண்டு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பைலட் டீயைக் குடிக்காமல் எழுந்து போனவர் பிறகு வரவில்லை. மாமாவைக் கணக்கெடுக்கிற ஸ்டோர்ஸில் போட்டார்கள். "மச்சான், இனிமே சைக்கிள்லயாவது ஏறுவியா?" என்று அப்பா கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். லைன் பையன்கள் பயந்தாங்கொள்ளி என்று பின்னால் கத்திவிட்டு ஓடினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மாமாவின் கை அதற்குப் பிறகு சாப்பாட்டில் பறக்கவில்லை, நானும் ஏரியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டேன். அந்த அலுமினிய டப்பாவை மட்டும் தனக்கு வேண்டும் என்று வாங்கிப் பல்பொடி போட்டு வைத்துக்கொண்டார். கறி டப்பாவில் பல்பொடியா என்று வீடே சிரித்தது. வீடு மாறியபோது அது எங்கேயோ தொலைந்துவிட்டது.

இனி கறிக்கடை. நானும் அம்மாவும் இப்போது எலஹங்காவில் மகளோடு இருக்கிறோம். அம்மாவுக்குத் தொண்ணூறை எட்டுகிற வயது. கண் மங்கிவிட்டது, காதும் நாக்கும் கூர்மை. போன மாதம் அவளுக்கு ஆட்டுக்கால் சூப்பு வைக்கலாம் என்று கடைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. கடைக்காரர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏர் ஷோ மேடம். கறி போட்டா பருந்து வரும், பிளேன்ல மோதும்னு இந்த ஏரியா பூரா மூடச் சொல்லிட்டாங்க."

தெரியும் என்றேன். பருந்து விஷயம் எனக்குப் புதிதில்லை. கல்யாணமாகி வந்த காலத்திலேயே, அன்றைக்கு அந்த ஜெட்டை இறக்கியது அம்மாவின் கறிதான் என்று புரிந்துவிட்டது. புரிந்ததை அப்படியே உள்ளே தள்ளி மூடி வைத்திருந்தேன். அவர் எரிச்சலில் மேலும் சொன்னார்:

"ஒண்ணு கறி நிக்கணும், இல்லாட்டி பிளேன் நிக்கணும். ரெண்டுல எத நிறுத்துவாங்க? எங்களதான?"

வெறும் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டில் ஒன்று நிற்கவேண்டும். அம்மா நிறுத்த மாட்டேன் என்றாள். ஆபீசில் சொன்னால் அப்பாவின் வேலை போகும். அம்மாவிடம் உண்மையைச் சொன்னால், வளர்த்த கையாலேயே தம்பியைக் கொல்லப் பார்த்தேன் என்று தெரிந்த பிறகு அவள் உயிரோடு இருந்திருப்பாளா? அதனால் மாமா தன்னை நிறுத்திக்கொண்டார். தனக்குப் பின்னால் அந்த மதிலைத் தாண்டப் போகிறவர்களுக்காக, தன் பறத்தலை விட்டு, பயந்தாங்கொள்ளி என்ற பேரை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அப்பாவோடு சேர்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. வீடுவரை நடந்தேன், உள்ளே போக முடியவில்லை, இன்னொரு சுற்று நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஆட்டோவில் ஏற்றி லிங்கராஜபுரத்துக்கு மாமா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மாமி போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வேலைக்காரப் பெண்ணின் துணையோடு இருக்கிறார். கைத்தடி, லேசாகச் சாய்ந்த நடை. அம்மா கூடத்தில் உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணுக்குப் பருந்துக் கதையை ஆரம்பித்தாள். கல்யாண வீடு, காது குத்து எதிலும் விடாமல் சொல்கிற கதை. நான் சமையலறையில் காபி கலந்தேன். மாமா கைத்தடியோடு வந்து அடுப்படியில் நின்றார்.

"எங்க ஏரியால கறிக்கடையெல்லாம் மூடிட்டாங்க மாமா. ஏர் ஷோவுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "ஏன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

பால் பொங்கி வந்தது. நான் அணைக்க மறந்து நின்றேன். அவர்தான் எட்டி அணைத்தார்.

"அக்காவுக்கு யாரு பேப்பர் படிச்சுக் காட்டறது?"

"நான்தான்."

"அப்போ சரி" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். யாருக்காக, எதற்காக என்று தொடங்கத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெட் ஒன்று தலைக்கு மேல் வந்தது. நான் வழக்கம்போல் நின்றேன். பக்கத்தில் அவரும் அசையாமல் நின்றார். கைத்தடி பிடிக்காத கை மட்டும் மேடை விளிம்பிலிருந்து கொஞ்சம் எழும்பி, சத்தம் போகிற பக்கம் சாய்ந்தது. அம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது அதைப் பார்த்து.

கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "டேய் தம்பி, கேட்டியா அந்தச் சத்தத்த? நல்ல வேள, பயந்துனு நின்னுட்டே. இல்லாட்டி உன்ன யாரு காப்பாத்தறது?"

"ஆமாக்கா" என்றார் மாமா. "ரொம்பப் பயந்துட்டேன்." கை மேடைக்குத் திரும்பியது.

மறுநாள் காலை அம்மாவுக்குப் பேப்பர் படித்தேன். முதல் பக்கத்தில் ஜெட்டுகள் வரிசையாகப் பறக்கிற படம். அதை விவரித்துச் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில், இறைச்சிக் கடைகள் எதனால் இன்னும் சில நாள் மூடியிருக்கவேண்டும் என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தைத் திருப்பினேன்.

"வேற இன்னா போட்டிருக்கான்?" என்றாள் அம்மா.

"வேற ஒண்ணும் இல்லம்மா."